ஃபூசேர் கோட்டையின் முத்திரை

அன்பு மகள் எமெஷெவுக்கு, அம்மா எழுதுவது. கால் கொப்புளங்களைத் தவிர நானும் அப்பாவும் சுகம். மெல்போர்ன் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நீலப் பாதையை நடந்து முடித்துவிட்டோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நடந்துவிட்டோம், ஆனால் முடிக்கவில்லை. அந்தக் கூத்தைக் கேள். நாட்டின் மேற்கு எல்லையில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு துண்டாக நடந்த பாதையில் மிச்சமிருந்ததை இந்தக் கோடை விடுப்பில் மூன்று வாரம் நடந்து தீர்த்தோம். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு உன் அப்பாவுக்கு இனி நாற்காலிதான் என்று சொன்ன டாக்டர் வந்து பார்க்க வேண்டும், மனுஷன் மேட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகிறார், இறக்கத்தில்தான் முனகல். மழையில் ஒருநாள் முழுக்க நனைந்தோம், பன்றிக்கொழுப்பு தடவி வெங்காயம் வைத்த ரொட்டியைத் தின்றே மலையெல்லாம் கடந்தோம், எனக்கு இருபது வயது குறைந்துபோனது போல இருந்தது போ. ஃபூசேர் கோட்டை வந்ததும் நான் தண்ணீர் பிடிக்கப் போனேன், நடந்து வந்ததற்குச் சாட்சியாக இடத்துக்கு இடம் குத்துகிற முத்திரையை அங்கே குத்தும் வேலையை அவரிடம் விட்டேன், இரண்டு பேர் முத்திரைப் புத்தகமும் அவர் பையில்தானே. பன்னிரண்டு வயதில் நீ கணுக்கால் பிசகி, கோட்டைக்கு ஏறாமல் அவர் தோளில் அழுதுகொண்டே இறங்கினாயே, அதே இடம்தான்.

மறுநாள் ஹொல்லோஹாசாவில், பாதை முடிகிற இடத்து மதுக்கடையில், கடைக்கார இலுஷ்கா எங்கள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "என்ன பெரியவரே, ஃபூசேர் கட்டம் காலியா கிடக்கு, ஒண்ணு கொறைஞ்சாலும் நடந்ததா ஒத்துக்க மாட்டாங்களே, திரும்பி மலையேறுங்க" என்று சிரிக்கிறாள். எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் நடந்து கடைசியில் மறந்து தொலைத்தீரே, உம்மை நம்பிப் புத்தகத்தைக் கொடுத்தேனே என்று கடையே கேட்கக் கத்தினேன். பக்கத்து மேசைக்காரன் பாவம் பார்த்து, தன்னிடம் ஃபூசேர் முத்திரையை உபரியாகக் குத்திவைத்த தாள் இருக்கிறது, வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள் என்றான். அப்பா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பாலிங்கா என்ற பழச் சாராயத்தை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "மறக்கலடி எடெல்கா. முத்திரைய கையில எடுத்தேன். அன்னிக்கு கால் பிசகி இறங்கினப்ப எமெஷெ என்கிட்ட, 'நீ மட்டும் தனியா குத்திடாதப்பா'ன்னு சத்தியம் வாங்கினா. அவ வரட்டும், மூணு பேரும் குத்துவோம்" என்றார். நான் அழுதுவிட்டேன். இலுஷ்கா எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

இந்த வருஷமும் லீவு கிடைக்குமோ என்னவோ என்று எழுதியிருந்தாய். உன் பழைய முத்திரைப் புத்தகத்தையும் இந்த மூன்று வாரமும் அவர் சுமந்து வந்திருக்கிறார், வீட்டுக்கு வந்து துணி துவைக்கும்போதுதான் பையடியில் பார்த்தேன். அதில் ஒரு முத்திரையும் அவர் குத்தவில்லை. கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் கால்களுக்குப் பலம் தரட்டும். புது பூட்ஸ் வாங்கினால் இப்போதிருந்தே போட்டுப் பழகு. அப்பாவின் மூட்டு அடுத்த கோடை வரைக்கும் தாங்கும் என்கிறார் டாக்டர், அதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டாராம். டிக்கெட் போடு.

முத்தங்களுடன்,
அம்மா எடெல்கா