கல்லறைத் தோட்டத்தில் அப்பா பிரேக் போட்ட இடம்

அன்பு வாண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் பூனையும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, போன வாரம் போனில் உன் குரலே சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை, யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நீ சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனைப் பிடுங்கி, அங்கே பஸ் டிக்கெட் எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் கடிதம், இதை அவர் பிடுங்க முடியாது.

ஒரு செய்தி, சிரிக்காமல் படி. நாங்கள் இரண்டு பேரும் ஞாயிறுதோறும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். எல்லாம் மாடி வீட்டு டீச்சர் செய்த வேலை. ஊரிலுள்ள பழைய கல்லறைகளைச் சுற்றிப் பார்க்க ஒரு கூட்டம் இருக்கிறதாம், வாங்களேன் என்றார். இந்த வயதில் அங்கே போய்த் துண்டு போட்டு இடம் பிடிக்கவா என்று கேட்டேன். ஆனால் உன் அப்பா பஸ் ஓட்டி ரிடையர் ஆனதிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற பஸ் டிரைவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே இருக்கிறார், மனுஷன் கொஞ்சம் நகர்ந்தால் போதும் என்று இழுத்துக்கொண்டு போனேன். இப்போது அவர்தான் என்னை இழுக்கிறார். ஒவ்வொரு கல்லறையையும் ஒரு ஸ்டாப் ஆக்கிவிட்டார். கேட்டுக்குள் நுழைந்ததும் முதல் ஸ்டாப் கடிகாரக்காரர், கல்லில் பெரிய கடிகாரம் செதுக்கியிருக்கிறார்கள், முள்ளைத்தான் காணோம். அடுத்தது வக்கீல், கல்லின் நாலு பக்கமும் எழுத்து, செத்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. அப்புறம் இரண்டு மனைவிகளுக்கு நடுவில் படுத்திருக்கும் மர வியாபாரி. அவரைப் பார்த்து அப்பா ஒரு பெருமூச்சு விட்டார், பொறாமையா பரிதாபமா என்று வீட்டுக்கு வந்து விசாரித்தேன், இன்னும் பதில் வரவில்லை. ஒரு ஹோட்டல் சமையல்காரருக்கு முதலாளியே கல் வைத்து, இவர் கையில் ஒருநாளும் உப்பு கூடியதில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கும் அந்த ஒரு வரி போதும், அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீதான் சாட்சி. எந்த ஸ்டாப்பிலும் நிதானமாகப் பார்க்க விடமாட்டார், போலாம் ரைட் என்று கண்டக்டர் வேலையையும் தானே பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காய்கறிப் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்த பெண்டாட்டியையே ஸ்டாப்பில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தவர்தானே, அந்தக் கதையை நான் சாகும்வரை விடமாட்டேன்.

அங்கே ஆளுக்கொரு கல்லைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது சுவரோரம் பாசி மூடிக் கிடந்த ஒரு சின்னக் கல். நானும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் கம்பி நாரும் கொண்டுபோய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். காவல்காரர் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்து, அம்மா இது கல்லு, குக்கர் இல்லே, எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிடும் என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு அவர் கொடுத்த மெத்தென்ற பிரஷ்ஷும் வெறும் தண்ணீருமாகச் சில ஞாயிறுகள் தேய்த்தேன், எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பெயர் இருந்த மூலை உடைந்து போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்க எங்கிருந்தோ கப்பலேறி வந்த பெண், உன்னைவிட ஒரு வயது சின்னவள், காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குக் கீழே அவளுடைய அப்பா அம்மா எழுதச் சொன்ன வரி. எங்களால் வர இயலவில்லை, இவ்வழி போகிறவர்களே, எங்கள் மகளோடு ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அப்பாதான் அதைச் சத்தமாகப் படித்தார். படித்தவர் ரைட் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கூட்டம் வாசல்வரை போய்விட்டது, டீச்சர் கையைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார், இவர் அசையவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், நம்ம பொண்ணு கூட ஞாயித்துக்கிழமை யாரு நிக்கிறா என்று மட்டும் கேட்டார்.

வாண்டு, நீ மூன்று வருஷமாக வா வா என்கிறாய், நானும் அப்பா முழங்கால், பூனை, பூட்டிக் கிடந்தால் வீடு கெட்டுப்போகும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே வருகிறேன். விமானம் என்றாலே எனக்குப் பயம், அது உனக்கும் தெரியும், தெரிந்தும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய். இப்போதும் பயம்தான். ஆனால் அந்தத் தாய்க்கு வர வழியில்லை, எனக்கென்ன கேடு? நேற்று பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாகிவிட்டது, அதில் நான் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்தால் உங்கள் ஊரில் உள்ளே விடுவார்களா என்றே சந்தேகம். டிக்கெட் நீ போடு, எனக்கு ஜன்னலோரம் வேண்டாம். பூனை டீச்சர் வீட்டுக்குப் போகிறது. நாங்கள் இல்லாத ஞாயிறுகளில் அந்தப் பாட்டுக்காரப் பெண்ணின் கல்லோடு ஒரு நிமிடம் நிற்பதாகக் காவல்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அதுவரை அறைக்குள்ளேயே கிடக்காதே. அங்கேயும் பழைய கல்லறைகள் இருக்கும், சுற்றிப் பார்க்க ஒரு கூட்டமும் இருக்கும், விசாரித்துப் போய்ச் சேர். உயிரோடு இருக்கிறவர்கள் நாலு பேர் பழக்கமாவார்கள். உடம்பைப் பார்த்துக்கொள், தலை காயாமல் வெளியே போகாதே, நீ நினைத்ததெல்லாம் நடந்து நிறைவாக இருக்க வேண்டும்.

இவ்வளவு எழுதுவதற்குள் அப்பா இதையும் பிடுங்கிப் படித்துவிட்டார். நான் காய்கறிப் பையோடு ஓடி வந்த அன்றைக்கு வண்டி ஏற்கெனவே லேட்டாம், அதை எழுதச் சொல்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். நாங்கள் விமானத்திலிருந்து இறங்கும்போது உனக்கு வேலை இருந்தால் அடித்துப் பிடித்து ஓடி வர வேண்டாமாம். நீ எத்தனை நேரம் கழித்து வந்தாலும் நிற்பாராம்.

அவருக்கும் சேர்த்து,
உன் அம்மா