மீன்கொத்தியும் அக்காவின் விரல்களும்

மார்ச் 4
புதிய ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு ஒரு மீன்கொத்தி வரைகிறேன். சிறகை விரித்துப் பறக்கிற மாதிரி. சிறகின் ஒவ்வொரு கோடும் உருப்பெருக்கியில் பார்த்தால் பொடி எழுத்துகளாகத் தெரியும். கள்ளநோட்டு அடிப்பவன் கண் அவிந்து போகும். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. குனிந்து பார்த்துவிட்டு, "சிறகு பிரமாதம். பறவைக்குத்தான் யார் மேலயோ கோபம்" என்றார்.

வீட்டில் மூச்சு விடக் கூடாது. எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்காவிடம் பறவை வரைகிறேன் என்று மட்டும் சொன்னேன். "அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?" என்றாள். வானொலியில் பாட்டுப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் கேட்கிற கேள்வியா?

மார்ச் 11
பார்வையில்லாதவர்கள் தடவி அறிய ஓரத்தில் புடைப்புக் கோடுகள். நூறுக்கு மூன்று, ஐந்நூறுக்கு நான்கு, ஆயிரத்துக்கு ஐந்து. என் யோசனைதான். கண்ணை மூடித் தடவினேன். சுலபமாகத் தெரிந்தது. அக்காவை நினைத்துத்தான் செய்தேன். அவளிடமே காட்ட முடியவில்லையே.

மார்ச் 19
சோதனை இயந்திரம் தாளைக் கசக்கிப் பிழிந்தது. கோடுகள் தப்பின. மீன்கொத்திக்கும் உயிர் இருக்கிறது.

ஏப்ரல் 2
பார்வையில்லாதோர் சங்கத்திலிருந்து சிலர் தாளைத் தடவிப் பார்க்க வந்தார்கள். கடைசியாக உள்ளே வந்தது — அக்கா. என்னையறியாமல் செருமிவிட்டேன். சோதனை முடியும்வரை வரைந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. மூலையில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

ஐந்நூறை எடுத்து "நூறு" என்றாள். மறுபடி தடவிவிட்டு "ஆயிரமோ?" என்றாள். பிறகு தாளை மேசையில் வைத்தாள். "கடையில நின்னு ஒண்ணு, ரெண்டுன்னு கோட்டை எண்ணிட்டிருந்தா பின்னாடி நிக்கிறவன் சும்மா இருப்பானா? விடை தெரிஞ்ச ஆளு கண்ணை மூடிப் பாத்துப் போட்ட கணக்கு இது."

பூதக்கண்ணாடி என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

வீட்டில் சாப்பிடும்போது, "இன்னிக்கு ஒரு எடத்துக்குப் போனேன். எங்கன்னு சொல்லக் கூடாது" என்றாள். நானும் அப்படித்தான் என்றேன்.
"தெரியும். மூலையில நின்னு செருமுனியே."

ஏப்ரல் 3
கோபம். சங்கத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு? எனக்கு விடை தெரியும்தானே — சே.

ஏப்ரல் 5
எண்ண வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். நூறுக்குக் குட்டை ஓரம். ஐந்நூறுக்கு மேல் ஓரத்தின் நடு. ஆயிரத்துக்கு இரண்டிலும். தாளை எடுத்த கையே சொல்லிவிடும். ஒரே சிக்கல், மேல் ஓரத்தின் நடுவில்தான் மீன்கொத்தியின் சிறகு இருக்கிறது. ஒரு மாத உழைப்பு.

பூதக்கண்ணாடியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "வெட்டணும்னா நீயே வெட்டிக்கோம்மா. எனக்கு மனசு வராது."

ஏப்ரல் 9
வெட்டவில்லை. சிறகை மடக்கிக் கிளையில் உட்கார வைத்துவிட்டேன். இப்போது பறவையின் கோபமும் தணிந்த மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் கொஞ்சம் அழுகை வந்தது.

ஏப்ரல் 24
மறுபடி சோதனை. அக்கா சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுபவள்போல் தாள்களைத் தட்டித் தட்டி வைத்தாள். "நூறு. ஆயிரம். ஐந்நூறு. இதுவும் ஐந்நூறு. அடுத்தது குடுங்க." ஒன்றுகூடத் தவறவில்லை. நான் செருமவே இல்லை.

பிப்ரவரி 9 (அடுத்த வருடம்)
புதிய தாள்கள் வெளிவந்துவிட்டன. அக்காவுடன் பழக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வழக்கம்போல் மீதியை என் பக்கம் நீட்டினார். அக்கா குறுக்கே கையை நீட்டி வாங்கினாள். ஒரு தாளை விரலால் வருடி அவரிடமே கொடுத்தாள். "நூறுக்குப் பதிலா ஐந்நூறு குடுத்துட்டீங்க. கண்ணாடி போட்டுக்குங்கண்ணே." அவர் அசடு வழிந்து ஒரு மாம்பழம் கூடுதலாகப் போட்டார்.

பிப்ரவரி 17
சாயங்காலம் கடைக்குப் போகலாமென்று பையை எடுத்துக்கொண்டு வந்தால் அக்காவைக் காணோம். தனியாகவே போய்விட்டாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தாள். பை நிறைய அவளுக்குப் பிடித்த பிஸ்கட்.

"எனக்கு?" என்றேன்.

"உனக்கு வேணும்னா நீ போய் வாங்கிக்கோ."