அழுறியோ என்று கேட்டவனுக்கு

மச்சான்,

இன்று காலை மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியைத் தேடிக் காரின் முன் லாச்சியைத் திறந்தேன். துணி கிடைக்கவில்லை. உன்னுடைய கற்கண்டுத் தகரப் பேணி கிடைத்தது. மூடியின் ஓரம் துருப்பிடித்திருந்தது. நகத்தால் நெம்பித் திறந்தேன். கற்கண்டும் மிளகும் அதிமதுரமும் சேர்ந்த அந்த மணம் கார் முழுக்கப் பரவிவிட்டது. கலியாண மண்டபங்களுக்கு உன்னைப் பாட ஏற்றிக்கொண்டு போன காலமெல்லாம் என் காருக்கு இந்த மணம்தான். பேணியை நீயே காரில் மறந்துவிட்டு இறங்குவாய். பிறகு அதை நான் களவெடுத்துவிட்டதாக மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிவாய். நல்ல மனிசன் நீ.

மகள் ஆரணி வீட்டுக்குள் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தாள். உன் மருமகளுக்கு இன்று முதல் நாள். எங்கே முதல் நாள் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் வசந்தத்திலேயே போன் எடுத்து உன் காது கிழியக் கத்தியிருப்பேன்.

பாட்டு, ஆட்டம், நடிப்பு மூன்றையும் சேர்த்துப் படிக்கிற மியூசிக்கல் தியேற்றர்தான் தனக்கு வேண்டும் என்று அவள் உன் முன்னாலேயே சொன்னவள். நான் முகத்தைச் சுளித்தேன். நீ உடனே, "உனக்கென்னடா? நீ ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் பிறந்தனி. பாடப் பிறந்த பிள்ளையை ஏன் மறிக்கிறாய்?" என்றாய். அதற்குப் பிறகு நான் மறிக்கவில்லை. பனிக்காலம் முழுவதும் ஒடிசன் ஒடிசனாக ஏற்றி இறக்கினேன். வசந்தம் தொடங்கியபோது இரண்டு இடங்கள் அவளுக்குச் சம்மதம் சொல்லியிருந்தன. ஒன்று யூனிவேர்சிற்றி. நாலு வருடம், பட்டம், அதோடு வேறு பாடங்களும் படிக்கலாம். மற்றது கொன்சவேற்றறி. காலையிலிருந்து மாலைவரை பாட்டும் ஆட்டமும் நடிப்பும்தான். கடைசியில் கையில் ஒரு டிப்ளோமா.

"அப்பா, கொன்சவேற்றறியும் கிடைச்சிட்டுது" என்று அவள் போனை நீட்டிய அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதுதான் எட்டாம் கிரேட் பாஸ் பண்ணியாச்சே. பிறகும் என்னத்துக்கு?"

குசினிக்குள் இருந்து என் மனிசி, "பியானோவையும் வித்திட்டம். இப்ப வந்து சொல்லுறாய் பிள்ளை" என்றாள்.

எங்கள் ஆட்களுக்குக் கொன்சவேற்றறி என்றால் பிள்ளைகளின் பியானோ சோதினைதான். மல்வேர்னில் இருந்து மார்க்கம் வரைக்கும் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டினாலும் சுவரில் அந்தச் சான்றிதழ் தொங்கும். அந்தப் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும், அங்கே தினமும் போய்ப் படிப்பார்கள் என்பது எங்கள் இரண்டு பேரின் மண்டைக்கும் எட்டவில்லை.

"அது எக்ஸாம், அப்பா. இது ஸ்கூல். டோட்டலி டிஃபரென்ற்" என்று ஆரணி தலையில் கைவைத்தாள்.

ஸ்கூல் என்று விளங்கிய பிறகும் என் மனம் யூனிவேர்சிற்றிப் பக்கம்தான் சாய்ந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். நம் ஊரில் யூனிவேர்சிற்றி என்றால் கம்பஸ். கம்பஸுக்குப் போவது என்று யார் சொன்னோம்? கம்பஸ் 'எடுபடுவது' என்றுதானே சொல்வோம். நான் எடுபடவில்லை. நீ எடுபட்டாய். பெயர் வந்த கையோடு சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஒரு நாள்கூட நீ அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆனாலும் இங்கே வந்த பிறகு ஸ்காபரோவில் எந்தச் சபையிலும், "நான் கம்பஸ் எடுபட்டனான்" என்று தொடங்குவாய். யாராவது மரியாதையாக, "அண்ணை அங்க என்ன படிச்சனீங்கள்?" என்று கேட்டால், "எடுபட்டனான் எண்டுதானே சொன்னனான்" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே ஒரு சின்ன எரிச்சல் இருக்கும், உனக்குக் கிடைத்த அந்த ஒரு சொல்கூட எனக்குக் கிடைக்கவில்லையே என்று.

அதனால் காணுகிறவர்களிடம் எல்லாம், "மகள் கம்பஸ் எடுபட்டிட்டாள்" என்று சொல்லத் தொடங்கினேன். கொன்சவேற்றறியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒருநாள் தமிழ்க்கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த தம்பியிடமும் சொன்னேன். ஆரணி பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, எடுபடுறது எண்டால் என்ன?"

"அவையள் உன்னை எடுத்திட்டினம் எண்டு அர்த்தம்."

"ரெண்டு பேரும்தானே எடுத்திருக்கினம். இப்ப நானெல்லோ எடுக்கவேணும்?"

மீன் வெட்டுகிற தம்பி கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தான். காசைக் கொடுத்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு இடத்தையும் பார்க்கப் போனோம். யூனிவேர்சிற்றியில் ஒரு மாணவி எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து நடந்து எல்லாவற்றையும் காட்டினாள். எங்கே தட்டி விழப்போகிறாளோ என்று எனக்குப் பதைப்பு. நூலகத்தைக் கண்டதும் என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எடுபட்டது நான்தான் என்கிற மாதிரிக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். ஆரணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாணவர்கள் தாங்களே எழுதி மேடையேற்றுகிற வகுப்புக்கு எந்த வருடம் விடுவார்கள் என்று கேட்டாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொன்சவேற்றறி ஒரு பழைய செங்கல் கட்டடம். அன்று வந்த பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மாதிரி வகுப்பு வைத்தார்கள். பெற்றோர் சுவரோரம் போட்ட நீள மர வாங்கில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆரணி ஒரு பாட்டைத் தொடங்கினாள். நன்றாகத்தான் பாடினாள். ரீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார். பாடாதே, அந்த வரியை எதிரில் நிற்கிற மற்றப் பொடியனிடம் சும்மா சொல்லிப் பார் என்றார். சொன்னாள். இப்போது பாடு என்றார். அதே வரிதான், அதே இசைதான். ஆனால் இந்த முறை அவள் எதிரில் நின்றவனிடம் உண்மையாகவே ஏதோ கேட்டாள். அவனும் ஒரு அடி பின்னால் போனான். நீ மண்டபத்தில் மைக்கைப் பிடித்தபடி, கலியாணப் பெண்ணின் தாயைத் தேடிக் கண்டுபிடித்து, அவளைப் பார்த்துத்தானே முதல் வரியை எடுப்பாய். எனக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் எழும்ப மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது, "யூனிவேர்சிற்றியில கார் விட நல்ல வசதி" என்று சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல?

முடிவு சொல்லவேண்டிய நாள் நெருங்க நெருங்கப் பிள்ளை வாடிப்போனாள். சாப்பாட்டுக் கோப்பையைக் கிண்டிக்கொண்டே இருப்பாள். "நீங்கள் சொல்லுங்கோ" என்பாள். "உன்ர விருப்பம் பிள்ளை" என்பேன். "தற்ஸ் நொட் ஆன் ஆன்சர், அப்பா" என்று எழும்பிப் போய்விடுவாள். என் கம்பஸ் ஆசை அவளுக்குத் தெரியும். வீட்டில் யாருக்குத்தான் தெரியாது?

அப்போதுதான் உன் பொய் ஞாபகத்துக்கு வந்தது. மல்வேர்ன் வரிசை வீடா, மார்க்கத்தில் தனி வீடா என்று நாங்கள் மண்டையை உடைத்த நேரம், வேலைத்தலத்துக்குப் போன் எடுத்து, "மச்சான், மல்வேர்ன் வீடு போயிட்டுது. வேற ஆக்கள் வாங்கிட்டினம்" என்றாய். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"அழுறியோ?" என்று கேட்டாய்.

"இல்லை."

"பொய் சொல்லாதை. மூக்குறிஞ்சிற சத்தம் கேக்குது. அப்ப அதுதான் உன்ர வீடு. அது அங்கேயேதான் நிக்குது, போய்க் கையெழுத்தை வை."

பின்னேரம் வேலை முடிந்து வெளியே வர, வாசலில் பேணியோடு நின்றாய். "இந்தா, அழுத தொண்டைக்கு நல்லது" என்று கற்கண்டை நீட்டினாய். உன்னைக் கொல்லலாம் போல இருந்தது. வாங்கிச் சூப்பினேன்.

உன் நெஞ்சு நின்றுபோனது என்று ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தபோதும் நான் அதைத்தான் நினைத்தேன், மச்சான். பொய் சொல்லுகிறான், இப்போது பின்னால் இருந்து "அழுறியோ?" என்று கேட்பான் என்று போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். நீ கேட்கவில்லை. உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூடக் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

அந்த வித்தையை மகளிடம் போட்டேன். காரில் வரும்போது, "யூனிவேர்சிற்றியில இருந்து போன் வந்தது. இடம் முடிஞ்சுதாம்" என்றேன்.

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அவையள் போன் எடுக்கிறேல்லை அப்பா. இமெயில்தான். மாமா எண்டால் நல்லாப் பொய் சொல்லுவார்."

சின்ன வயதில் ஐஸ்கிறீம் கடையில் மாம்பழமா சொக்லேற்றா என்று அவள் தடுமாறும்போது, "மாம்பழம் முடிஞ்சுதாம்" என்று சொல்லிச் சொல்லி அவளைப் பழக்கி வைத்தவன் நீ. உன் பொய்யை மணந்தே பிடிப்பாள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டு வாசலில் காரின் பனிக்கால ரயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வந்து முன்னால் நின்றாள்.

"அப்பா, கம்பஸுக்கு நோ எண்டு அனுப்பிட்டன்."

ரயர் கழற்றுகிற சாவியைக் கீழே வைத்தேன். தொண்டை அடைக்கும் என்று காத்திருந்தேன். அடைக்கவில்லை. எனக்கே புதினமாக இருந்தது.

"அப்ப மற்றதுக்குப் போறதுக்குச் சப்வேயோ, பஸ்ஸோ? அந்தக் கட்டடத்துக்குக் கிட்டக் கார் விட இடமில்லையே" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் அழேல்லை."

"ஏன் அழவேணும்?"

"நான் இன்னும் அனுப்பேல்லை அப்பா. இது மாமான்ர பொய்."

கழற்றிப் போட்ட ரயரின் மேல் அப்படியே இருந்துவிட்டாள். அழுதது அவள்தான். "நான் கம்பஸுக்குப் போகாட்டி நீங்கள் உடைஞ்சு போவீங்கள் எண்டு பயந்தனான். எனக்கு என்ன விருப்பமெண்டு யோசிக்கவே ஏலாமல் கிடந்தது" என்றாள். ஊத்தைக் கையோடு அவள் தலையைத் தடவினேன். "இனி யோசிக்கலாம்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

சில நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"கொன்சவேற்றறிக்கு நோ சொல்லிட்டன்."

"பொய்தானே?"

"இல்லை அப்பா. திஸ் ரைம் உண்மை." போனைத் திருப்பிக் காட்டினாள். "அங்க நல்லாப் பாடப் பழக்குவினம். எனக்குப் பாட மட்டும் இல்லை, எழுதவும் வேணும். மேடையில எங்கட ஆக்கள் எங்களை மாதிரிக் கதைச்சுப் பாடுற ஒண்டு. அந்த வகுப்பு கம்பஸிலதான் இருக்கு. உங்களுக்காக இல்லை, ஓகே? நான் எடுத்தனான்."

சரி பிள்ளை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மச்சான், எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சுவரோர வாங்கு, கையைத் தூக்கி நிறுத்திய ரீச்சர், பின்னால் நகர்ந்த அந்தப் பொடியன், இனி அங்கே போகமாட்டோமே என்று கோப்பைக்கு முன்னால் இருந்து அழுதேன்.

"இஞ்சேருங்கோ, ஆசைப்பட்டதுதானே கிடைச்சிருக்கு. என்னத்துக்கு அழுறியள்?" என்று மனிசி பதறினாள். ஆரணிக்கு உடனே விளங்கிவிட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

உன் சட்டப்படி பார்த்தால், இவ்வளவு காலமும் கம்பஸ் கம்பஸ் என்று ஏங்கித் திரிந்த எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது கொன்சவேற்றறி. நீ இருந்திருந்தால், "அப்ப நீ போடா அங்க" என்று சொல்லி ஒரு கிழமைக்குச் சிரித்திருப்பாய்.

இன்று அவளைக் கொண்டுபோய் இறக்கினேன். அந்த நூலகத்துக்கு முன்னால் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கம்பஸ் எடுபட்டவள் என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. கம்பஸை எடுத்தவள் என்று மாற்றிச் சொன்னேன். அது அவளுக்குச் சரியாக இருந்தது. எனக்குச் சந்தோசம், மச்சான். வேறு சொல் தேடத் தேவையில்லை.

கதவைத் திறக்கப் போனவளிடம் உன் பேணியை நீட்டினேன். "கொண்டு போ. பாடுறதுக்கு முந்தி மாமா இதைத்தான் வாயில போடுறவர்."

மணந்து பார்த்தாள். கண்ணை மூடித் திறந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மூடியை இறுக்கி, பேணியை என் மடியில் வைத்தாள்.

"மிச்சத்தை நீங்கள் வையுங்கோ. அழுத தொண்டை உங்கடைதான்."