அப்பா பிடுங்கிய இளநீர்

மோர்னிங்சைட்,
ரொறன்ரோ.
சித்திரை பிறந்தும் பனி விடாத ஒரு வியாழக்கிழமை.

அன்பு மகள் அட்சயாவுக்கு அம்மா எழுதுவது. நான் நல்ல சுகம். அண்ணா கீதனும் அண்ணி துர்க்காவும் பிறம்ரனில் சுகம். நீயும் உன் கடலும் அதற்குள் கிடக்கிற உன் கடலட்டைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிடுகிறேன். அப்பாவின் சுகத்தை நான் எழுதத் தேவையில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் அதைக் கொண்டுவந்தவர் உன் முன்னால் வியர்த்து ஒழுக நின்று தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருப்பார், நீயே பார்த்துக்கொள். கடிதத்தை மிளகாய்த்தூள் பைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறேன். உன் அப்பா வாழ்நாளில் திறந்து பார்க்காத ஒரே பொருள் மிளகாய்த்தூள் பைதான், அதைவிடப் பாதுகாப்பான தபால் எனக்குக் கிடைக்கவில்லை. தும்மல் வந்தால் பொறுத்துக்கொள். தேத்தண்ணியைக் கொஞ்சம் தாமதித்துக் கொடு, முதலில் இதை வாசித்து முடி.

அவர் வந்திருப்பது மன்னிப்புக் கேட்க. இதை எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. கை வைக்கக் கூடாது என்று ஊர் சாசி போட்ட தென்னையில் இளநீர் பிடுங்கியது நான்தான், பிழை என்னுடையதுதான் என்று பிடுங்கியவரே ஊர்ச் சனத்தின் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும், அதுவரை அவர் தங்கிய வீட்டு வாசலில் தடைக் குருத்தோலை கட்டித்தான் இருக்கும், அந்த வீட்டார் கடலில் இறங்கக் கூடாது என்று நீ இறங்குதுறை நுனியில் நின்று, சிக்னல் அறுந்து அறுந்து, அழுகையும் இருமலுமாகச் சொன்னாய். அவர் தங்கியது யோசினாவின் வீடு, நீ இருக்கிறதும் அதே வீடு. ஆகவே ஓலை அவிழாவிட்டால் கடல் திறக்கிற நாளில் நீயும் அந்த மனுசியும் கரையில் நின்று மற்றவர்கள் குதிப்பதைப் பார்க்க வேண்டியதுதான். இரண்டு வருஷம் ஊரே கை வைக்காமல் மூடி வைத்த கடலுக்குள் என்ன பெருகிக் கிடக்கிறது என்று பார்க்கத்தான் நீ அங்கே போய்க் கிடக்கிறாய். ஊர்க் கட்டுப்பாடு கடலைக் காப்பாற்றும் என்று ஆராய்ச்சி எழுதுகிற பெண்ணின் தகப்பன், வந்திறங்கிய கையோடு அந்தக் கட்டுப்பாட்டை உடைத்த புண்ணியவான். இனி எல்லாம் அவருடைய வாயில் இருக்கிறது. அந்த வாய் எதற்கெல்லாம் திறக்கும், எதற்குத் திறக்காது என்று உனக்குத் தெரியும்.

போன முறை நாங்கள் இரண்டு பேரும் உன் தீவுக்கு வந்திருந்தபோது, இளநீர் பிடுங்கிய அன்று காலை நீ படகில் போய்விட்டாய், அதனால் கண்ணால் கண்ட சாட்சி நான் ஒருத்திதான், நடந்ததைக் கேள். முதல் நாளே அப்பாவின் முகம் கோணிவிட்டது. உங்கள் ஊருக்கு ஒரு ராஜா இருக்கிறார் என்று நீ சொன்னதை நம்பி, அந்த வெயிலில் கீதனின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவர் அவர். ராஜா என்றால் கிழிந்த பந்தடிப் பெனியனோடு வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு மெலிந்த மனுசன். எழும்பிக் கூட நிற்கவில்லை, சிரித்துக்கொண்டு ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். அந்தப் பழம் அப்பாவுக்கு இன்னும் செமிக்கவில்லை. பிறகு சாப்பாடு. சவ்வரிசி மாவில் கிண்டிய அந்தக் களியை யோசினா இரண்டு குச்சியால் சுற்றிச் சுற்றிக் கோப்பையில் போட, உன் அப்பா என் காதுக்குள், “உதாலைதான் நாங்கள் அந்த நாளிலை சுவரிலை நோட்டீஸ் ஒட்டினனாங்கள்” என்றார். பின்னேரம் ஆனால்தான் கரண்ட் வருகிறது, வந்த கரண்ட் முழுவதையும் பாட்டுப் பெட்டிக்கே கொடுத்துவிடுகிறார்கள், காதுக்கு ஓய்வில்லை. நான் பல் தீட்டுவதைப் பார்க்க ஒரு குடும்பமே வந்து வேலியில் சாய்ந்து நின்றது. பொம்பிளையை மாமா என்று கூப்பிடுகிற ஊரை நான் இப்போதுதான் கண்டேன். ஆனாலும் எனக்கு அந்த மாமா யோசினாவைப் பிடித்துக்கொண்டது. பாசை ஒரு சொல் விளங்காமலே நாங்கள் இரண்டு பேரும் மீன் வெட்டிக்கொண்டு எங்கள் புருசன்மாரைப் பற்றிப் பேசினோம், எல்லாம் விளங்கியது.

மூன்றாம் நாள் காலை நடக்கப் போனோம். தேவாலயத்துக்குப் பின்னால் கட்டைத் தென்னைகள், கைக்கு எட்டும் உயரத்தில் குலை, மரத்தைச் சுற்றிப் பச்சைக் குருத்தோலை. உன் அப்பா நின்றார். கோயில் தேருக்கு வருஷா வருஷம் தோரணம் கட்டுகிறவர்களை மேய்க்கிற தலைவர் அல்லவா, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “ஓலையிலை குருவி மடிக்கத் தெரியேல்லை. ஆனாலும் நாங்கள் வாறம் எண்டு தோரணம் கட்டியிருக்கினம், நல்ல சனம்.” கேட்டுப் பிடுங்குங்கோ என்று நான் சொன்னேன், அதையும் எழுதி வை. “வரவேற்கக் கட்டினதுக்கு என்ன கேள்வி, நீர் சும்மா இரும்” என்று சொல்லிக்கொண்டே முறுக்கிப் பிடுங்கினார். ஒன்றல்ல, இரண்டு. என் கையில் ஒன்றைத் திணித்துப் படமும் எடுத்து, பழைய மாணவர் சங்கக் குழுவில், இந்தோனேசிய மண்ணில் எமக்கு மகத்தான வரவேற்பு என்று போட்டுவிட்டார். நாற்பது பேர் கை கூப்பினார்கள். மங்கையற்கரசி அன்ரி மட்டும், தோரணம் கட்டின மரத்தில் யாராவது கை வைப்பார்களா என்று கேட்டிருந்தா. அந்த மனுசி வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான கதையை அப்பா அழித்துவிட்டார்.

ஒருவரும் ஏசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் பின்னால் கும்மாளமடித்து வந்த பிள்ளைகள் சத்தத்தை நிறுத்திவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். தண்ணீர் கொண்டு போன பெண்கள் என் கையில் இருந்த இளநீரைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள். நீ ஓடி வந்து விளக்கின பிறகும் உன் அப்பா ராஜாவிடம் மேப்பிள் பாணிப் போத்தல் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். ராஜா அதைத் திருப்பி அவர் மடியிலேயே வைத்தார். அப்போது அப்பா சொன்னது உனக்கும் கேட்டது. “ரெண்டு இளநீருக்கு மன்னிப்புக் கேக்க நான் என்ன கள்ளனோ?” அடுத்த நாள் படகில் ஏறும்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஏறினார். யோசினா கரையில் நின்று எனக்கு மட்டும் கை காட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இங்கே வந்து இவர் ஆடிய ஆட்டத்தைக் கேள். போகிற இடமெல்லாம் அந்தத் தீவைப் பற்றித்தான் நக்கல். ஒரு ஓலையைக் கண்டு பயப்படுகிற சனமாம். இதைச் சொல்கிறவர் யார்? பக்கத்து வீட்டுக் கிளிபோட் என்கிற கிழவன், வேலிக்கு மேலால் தொங்கிய எங்கள் தக்காளியில் ஒன்றைப் பிடுங்கித் தின்றதற்கு, அந்தக் கிழவன் கதவைத் தட்டி வந்து சொறி சொல்லும்வரை ஒரு கோடை முழுவதும் முகம் கொடுக்காத மனுசன். எங்கள் தெருவில் வாகனம் நிறுத்தாதே, நாயை விடாதே, கமெரா இருக்கிறது என்று கம்பத்துக்குக் கம்பம் பலகை, அத்தனைக்கும் கீழே வாகனமும் நாயும். உங்கள் ஊரில் ஒரு ஓலை. நான் இதைச் சொன்னதும் “உமக்கு இப்ப அந்தத் தீவுதான் பெரிசு” என்றார். நீ இறங்குதுறையில் இருந்து எடுத்த அன்றும் போனை நான் அவரிடம் நீட்டினேன், வாங்கவில்லை. நீ, “மாமா யோசினா ஒண்டும் சொல்லேல்லை அம்மா, எனக்குச் சோறு போட்டுட்டுத் தான் சாப்பிடாமல் இருந்தவ, ஐ கான்ற் டேக் இற்” என்று சொன்னது ஸ்பீக்கரில் அவருக்கும் கேட்டது. கேட்டும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சின்னக் கோபம் இல்லை.

அடுத்த நாள் கீதனைப் பிடித்தேன். அவனுடைய கூட்டாளி ஒருவன் மணவறை சோடிக்கிறவன், கல்யாணங்களுக்கு என்று குருத்தோலை இறக்குகிறான், ஒரு கட்டு வாங்கினேன். மேல் சமையலறை வாசலில் குறுக்கே கட்டினேன். குருவி மடிக்கவில்லை, உங்கள் ஊரில் கட்டுகிற மாதிரியே கட்டினேன். இஞ்சாருங்கோ, குசினிக்குச் சாசி, பிடுங்கினவர் வாய் திறக்கும்வரை ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது என்றேன். நான் பேஸ்மென்ற் அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டேன். மீன் பொரிக்கிற வாசம் மேலே போகும், அவர் இறங்கி வரமாட்டார். சாப்பாடு கேட்டால் மன்னிப்பும் கேட்டதாகிவிடுமே. டோனட்டும் பாணுமாகக் காலம் தள்ளினார். ஓலையைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே போய் முட்டை பொரிப்பார், நான் சண்டைக்கு நிற்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். செய்யவில்லை. அந்த வாசலால் போகும்போது கொஞ்சம் ஒதுங்கிப் போனார், நான் கவனித்தேன், கவனித்ததாகக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மங்கையற்கரசி அன்ரி பலகாரத்தோடு வந்தா. வாசலில் குருத்தோலையைக் கண்டதும் முகம் மலர்ந்து என்னிடம், “என்ன பாலேஸ், விசேசமோ, எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை” என்று கேட்டுக்கொண்டே, பலகாரத்தை வைக்கக் குனிந்து உள்ளே நுழையப் போனா. உன் அப்பா கதிரையில் இருந்து பாய்ந்து எழும்பினார். “உள்ளுக்குப் போகாதேங்கோ! ஓலை கட்டிக் கிடக்குதெல்லே, தெரியேல்லையோ!” என்று போட்ட சத்தத்தில் அந்த மனுசி பலகாரத்தைக் கீழே போட்டுவிட்டா. வீடு முழுவதும் பயித்தம் பணியாரம். அன்ரி என்னைப் பார்த்தா. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஓலையைப் பார்த்தார். “தெரியாமல்தானே அண்ணை வந்தனான்” என்று அன்ரி அழாக்குறையாகச் சொன்னா. அவர் குனிந்து பணியாரத்தைப் பொறுக்கத் தொடங்கினார். வெகுநேரம் பொறுக்கினார். அன்று இரவு சாப்பிடாமலே படுத்தார், காலையில் கீதனுக்குப் போன் எடுத்து ரிக்கெற் பார்க்கச் சொன்னார். இதுதான் நடந்தது பிள்ளை, என் வாய்க்குக் கிடைத்த வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அவரை மடக்கியது அவருடைய வாய்தான்.

அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று நினையாதே. மூன்று பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதியிருக்கிறார். தொடக்கமே, பெருமதிப்புக்குரிய ராஜா அவர்களே, சபையோரே. நடுவில் தமிழரின் தோரண மரபு. கடைசியில் எங்கோ ஒரு மூலையில், ஏதும் தவறு நேர்ந்திருப்பின். நான் அதைக் கிழித்துப் போட்டேன், ஆனால் இன்னொரு பிரதி சட்டைப் பைக்குள் இருக்கும், தேடிப் பார். கிழித்தால் தாங்கமாட்டார், ஒளித்து வை. அவர்கள் பாசையில் மன்னிப்புக் கேட்க என்று கீதன் போனில் தேடிக் கொடுத்த அந்தச் சொல்லு மட்டும் போதும். மிந்தா மாஆப். குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் பாடமாக்கினார், கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி இல்லை, வாகனத்தை எடுக்கச் சொல்லி வெருட்டுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் பணிவாகச் சொல்லப் பழக்கு. கோட்டைப் போட விடாதே. யோசினாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லு, ராஜாவுக்குச் சொல்வதை விட அது முக்கியம். அந்தக் களியைக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லு. அவருடைய பிரஷர்க் குளிசை நீல டப்பாவில், காலையில் ஒன்று, மறக்கவிடாதே. யோசினாவுக்கு ஒரு நல்ல மீன் வெட்டும் கத்தி வைத்திருக்கிறேன், பெட்டிக்குள் துவாயில் சுற்றியிருக்கிறது, கை கவனம்.

இனி உனக்கு. ஓலை அவிழ்ந்தால் கடல் திறக்கிற அன்று ஆழம் பார்த்து இறங்கு, தலைமுடியை இறுக்கிக் கட்டு, வெறும் வயிற்றோடு குதிக்காதே. எப்போது திரும்பி வருவாய் என்று கேட்கமாட்டேன். நீ போன நாள் தொடக்கம், தாய் வளர்த்த வளர்ப்புப் பிழை, அதுதான் பெட்டை கடலட்டை எண்ணப் போயிருக்கு என்று உன் அப்பா கல்யாண வீடு, செத்த வீடு, கோயில் என்று பார்க்காமல் எல்லார் முன்னாலும் சொன்னதை நீ அறியமாட்டாய். நான் அவ்வளவு பேருக்கு முன்னாலும் சிரித்துக்கொண்டு நின்றேன். அது எனக்கு நோகவில்லை என்று எழுதினால் பொய். உன் வளர்ப்பில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. நீ அழுதது உன்னுடைய கடலுக்காக மட்டும் இல்லை, சோறு போட்டவளுக்காகவும்தான் என்பதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

முருகன் உன்னைத் தண்ணீரிலும் தரையிலும் காக்கட்டும். யோசினாவுக்கு என் அன்பைச் சொல்லு. அப்பா அந்தச் சொல்லைச் சொல்லும்போது நீ பக்கத்தில் நின்று நன்றாகக் கேட்டு, எப்படிச் சொன்னார், குரல் எப்படி இருந்தது என்று எனக்கு ஒன்றும் விடாமல் எழுது. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து நான் அதை எந்தப் பாசையிலும் கேட்டதில்லை.

மறந்துவிடாதே, அவரைத் திருப்பி அனுப்பும்போது இதையும் சொல்லி அனுப்பு. குசினி வாசலில் ஓலை காய்ந்து சருகாகிவிட்டது, ஆனால் நான் இன்னும் அவிழ்க்கவில்லை. அங்கே சொல்லிப் பழகியதை இங்கே வந்து ஒருமுறை தமிழில் சொன்னால் அவிழ்ப்பேன்.

உன் அம்மா,
பாலேஸ்வரி இரத்தினவேல்