திருடன் விட்டுப்போன சிலிப்பர்

இன்று காலை கோலசிலாங்கூர் கிளினிக்கில் ரத்தம் எடுத்த தாதி, என் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து ஒட்டினார். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அங்கிள், கூசுதா?" என்றார். உன் கதையை அவரிடம் எங்கிருந்து தொடங்குவது?

நண்பா, நீ செம்பனைத் தோட்டத்து ஜாகா, இரவுக் காவல்காரன். பழக்குலை திருட வந்தவன் ஓட்டத்தில் விட்டுப்போன சிலிப்பரை எடுத்து உன் காவல் நாய்களுக்கு மோப்பம் காட்டுவாய். அடுத்த முறை அவன் வேலியை நெருங்கினாலே அவை தோட்டத்தையே எழுப்பிவிடும். புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவிய பிறகு, நோய் வந்தவர்களுக்கே போடும் தடுப்பூசி ஒன்றின் ஆய்வில் கோலாலம்பூரில் சேர்ந்தாய். அதையும் எனக்கு நாய்களை வைத்தே விளக்கினாய்.

"ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுவை வெளிய எடுக்கறாங்க. புற்றுநோயோட சிலிப்பரை மோந்து பார்க்க விடறாங்க. திரும்ப உள்ள ஏத்திடறாங்க. அவ்ளோதான் லா."

"குணமாகுமா?"

"ஆகாதுன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க. கூடக் கொஞ்ச நாள் கிடைக்கலாமாம். கிடைச்சா சும்மா விடுவேனா?"

முதல் முறை ஏற்றிய மறுநாள் காய்ச்சலில் உதறினாய். "நாய்ங்க குரைக்குதுடா, கேக்குதா?" என்று போர்வைக்குள்ளிருந்து நீ கேட்டபோது, அழுதுகொண்டிருந்த உன் மனைவிகூடச் சிரித்துவிட்டார்.

தோட்டத்தில் ஒரு மூலையில் திருட்டு என்றால் மற்ற மூலைகளையும் பார்த்துவிட்டுத்தான் நீ படுப்பாய். அதே பழக்கம்தான் உன்னை, நம் ஆட்கள் தேநீர் குடிக்கக் கூடும் ஒட்டுக்கடைக்கு அனுப்பியது. புரோஸ்டேட் பரிசோதனைக்கு வா என்றால் நம் வயதுக்காரன் எவனும் வரமாட்டான், வெட்கம். ஆனால் தோட்டத்து லய வீடுகளில் ஊசியையே நம்பி வளர்ந்தவர்களுக்கு ஊசி என்றால் போதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றுவிடுவார்கள். "எனக்குப் போட்ட ஊசி நம்ம கிளினிக்குக்கே வந்திருக்கு. முந்தறவனுக்குத்தான்!" என்று கதை அளந்து, எல்லாரையும் உன் வேனில் ஏற்றினாய்.

"டேய், அது நோய் வந்தவனுக்கு மட்டும்தானே? அவனவன் ரத்தத்துலேர்ந்து செய்யறதுதானே?" என்று உன் காதில் கிசுகிசுத்தேன்.

"இத்தன வருசம் பேப்பர்ல உண்மை எழுதி என்னடா கிழிச்ச? ஏறு லா!"

கிளினிக்கில் ஊசி குத்தத்தான் செய்தார்கள். மருந்து ஏறவில்லை, புரோஸ்டேட் பரிசோதனைக்கு ரத்தம்தான் வெளியே வந்தது. "ஏமாத்திட்டியேடா பாவி!" என்று உன்னைத் திட்டியவர்களோடு நானும் சேர்ந்து சிரித்தேன். முடிவுகள் வந்தபோது சந்தேகத்துக்குரியது ஒன்றே ஒன்றுதான். என்னுடையது.

மேல்பரிசோதனையில் புற்றுநோய்தான் என்று உறுதியானது. சுரப்பியைத் தாண்டவில்லை, அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றார்கள்.  கேள்விப்பட்டதும் நீ என் தோளில் ஓங்கித் தட்டினாய். "குலையை வெட்டறதுக்கு முன்னாடியே பிடிச்சாச்சு. சிரிடா!"

நீ போய்விட்டாய், நான் இருக்கிறேன். அந்த ஊசி உனக்கு எத்தனை நாள் கூட்டிக் கொடுத்தது, கொடுத்ததா என்றுகூட, நிருபனான என்னால் உறுதியாக எழுத முடியாது. ஆனால் அப்படிக் கிடைத்த ஒரு நாளில்தான் நீ எங்களை வேனில் ஏற்றினாய் என்று நம்ப எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த வேன் இப்போது என்னிடம்தான். இன்று மறுபரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் நிறுத்தினேன். ஓய்வு பெற்ற லோரி டிரைவர் ஒருவர் என் கைப் பஞ்சைப் பார்த்து, "என்னண்ணே, ஊசியா?" என்றார்.

"ஆமா, புதுசா வந்திருக்கு. நாளைக்கு வேன் வரும். முந்தறவங்களுக்குத்தான்," என்றேன், முகத்தைத் துளியும் மாற்றாமல்.

அவர் அப்போதே சட்டைக் கையை மடிக்கத் தொடங்கிவிட்டார்.