நகல் எடுக்கிறவருக்கும் சேர்த்து

பைன் ஃபோர்க், கென்டக்கி
மார்ச் 3

டெவினுக்கு,

நான் வெர்னா ஸ்கேக்ஸ். கெய்லியின் அம்மா. உனக்கு ஒரு நாள் கடிதம் எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. கோபம் தீர்ந்துபோய் எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மாத்திரைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பதினோரு குடும்பங்கள் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறோம். உன் மேல் இல்லை, நீதான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாயே. அந்த மாத்திரையில் கலக்கிற பொடியைச் செய்து கப்பலில் ஏற்றுகிற நாட்டு அரசாங்கத்தின் மேல். என் நாத்தனார் லூரீன் சிரிக்கிறாள். "பக்கத்து வீட்டு நாய் மேல கேஸ் போட்டு அதுலயே தோத்தவ நீ. இப்ப ஒரு தேசத்து மேலயா? நல்லா வருவடி!" சிரித்துவிட்டுப் போகட்டும்.

வேறு நாட்டு அரசாங்கத்தை நம் கோர்ட்டுக்கு இழுப்பது லேசில்லையாம். பொடி செய்கிற ஆலையில் நடப்பது தெரிந்தே அந்த அரசாங்கம் துணைபோனது என்று காட்டினால்தான் வழியாம். ஆலையிலிருந்து என் மகள் கைவரை ஒவ்வொரு கையாகக் காட்ட வேண்டுமாம். மேலே இருக்கிற கைகளுக்கு வக்கீல் பெர்ல்மட்டர் அம்மாவிடம் காகிதம் இருக்கிறது. "கடைசி ரெண்டு கைதாம்மா இல்ல. அந்தப் பையன் வாயத் திறந்தாத்தான் உண்டு" என்றார்.

யாரிடம் வாங்கினாய்? அதைச் சொல். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

வெர்னா ஸ்கேக்ஸ்

*

மார்ச் 19

மதிப்பிற்குரிய திருமதி ஸ்கேக்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் நகல் கிடைத்தது. அசலை எங்களுக்குத் தர மாட்டார்கள். வெளியிலிருந்து காகிதத்தைப் போதைமருந்தில் ஊறவைத்து அனுப்புகிறார்கள் என்று, வருகிற தபாலையெல்லாம் நகல் எடுத்துவிட்டு அசலைக் கிழித்துவிடுகிறார்கள். மெஷினில் வைத்து எடுப்பதும் எங்களைப் போல் ஒரு கைதிதான். உங்கள் கடிதம் வந்த அன்றே சாப்பாட்டு வரிசையில் ஒருவன் என்னைப் பார்த்து, "என்ன டெவின், கோர்ட்டுக்குக் கெளம்பிட்டியா? கோட்டு தைக்கக் குடுத்தாச்சா?" என்றான். அதனால் பெயர் எதுவும் எழுதிவிடாதீர்கள்.

அந்த மாத்திரையில் என்ன கலந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. தூக்கம் வரவில்லை என்றுதான் கேட்டாள், தூக்க மாத்திரை என்றுதான் கொடுத்தேன். அதே பொட்டலத்திலிருந்து நானும் அன்றைக்கு ஒன்று போட்டுக்கொண்டேன். நான் எழுந்தேன்.

நீங்கள் கேட்டதைச் சொல்ல முடியாது. எனக்குக் கொடுத்தவனின் ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள், என் அம்மா இருக்கிற தெருவிலும் இருக்கிறார்கள்.

டெவின் ரட்லிஃப்

*

ஏப்ரல் 6

டெவினுக்கு,

தெரியாது, தெரியாது. அந்த அரசாங்கமும் இதையேதான் எழுதி அனுப்பியிருக்கிறது. ஆலைக்கு வரிச் சலுகை கொடுத்தது அவர்கள், உள்ளே என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் தெரியாதாம்! நான் எட்டாவதோடு நின்றவள். வக்கீல் அம்மா எனக்காக எழுதிய வாக்குமூலத்தில் ஒரே ஒரு வரிதான் என் சொந்த வரி. "தெரியாதுன்னா, தெரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கணும்." அதில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்த வரி உனக்கும்தான்.

உன் அம்மா ஞாயிறுதோறும் உன்னைப் பார்க்க வருகிறாள். நான் மேட்டுக் கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்குகிறேன்.

செய்தவன், ஏற்றியவன், இறக்கியவன் எல்லாரும் அவரவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதினேழு வருடம் உனக்கு மட்டும். இது உனக்கே நியாயமாகப் படுகிறதா? "வெர்னாம்மா, சோள ரொட்டி மிச்சம் இருக்கா?" என்று பின்வாசல் வழியாக வந்து நிற்பாயே. என் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பாய். அதற்காகவாவது சொல்.

கெய்லியின் படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். பார்.

வெர்னா

*

ஏப்ரல் 28

வெர்னாம்மாவுக்கு,

படமும் நகலாகத்தான் வந்தது. முகம் ஒரே கருப்பு. பல் மட்டும் தெரிகிறது. ஆனாலும் அவள்தான். அந்த உடை மஞ்சள்தானே? பள்ளிக்கூட விழாவுக்குப் போட்டது. "வாழைப்பழம் நடந்து வருது பாரு" என்று கேலி செய்துவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது மஞ்சள்தானா, வேறு நிறமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. சொல்லுங்கள்.

இங்கிருந்து வெளியே போகிற தபால் அந்த மெஷினுக்குப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாவை வேறு மாநிலத்தில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னேன். போய்விட்டாள். வக்கீலை அனுப்புங்கள். அவர் வந்தால் தனி அறை தருவார்கள், யாரும் ஒட்டுக் கேட்க முடியாது. சொல்கிறேன்.

டெவின்

*

மே 21

அன்புள்ள டெவினுக்கு,

வக்கீல் அம்மா நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். "சொல்லிட்டாம்மா! ரெண்டு மணி நேரம். ஒண்ணு விடாம." அவரை உட்காரவைத்துச் சோள ரொட்டி சுட்டுப் போட்டேன். ஜூலையில் நீதிபதி முன்னால் வைப்பாராம். நீயும் வந்து சொல்ல வேண்டியிருக்குமாம். அந்த நாட்டு வக்கீல்கள் எழுந்து நின்று என் மகளின் பெயரை வாயால் சொல்லியாக வேண்டும். எனக்கு அது போதும்.

லூரீன் இப்போது சிரிப்பதில்லை. "அந்தப் பையனுக்கு நெஞ்சு இருக்குடி" என்றாள்.

நீ சொன்னபடியே பெயர் எதுவும் எழுதவில்லை பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்னாம்மா

*

ஜூன் 14

வெர்னாம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் மூன்று விரல் ஒடிந்துவிட்டது. குளிக்கிற இடத்தில் நான்கு பேர். "ஜூலைக்கு இன்னும் நாள் இருக்குடா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜூலை என்பது அப்போது எனக்கே தெரியாது. உங்கள் கடிதம் மறுநாள்தான் என் கைக்கு வந்தது.

மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். தெரியாமல்தானே எழுதினீர்கள்.

இப்போதைக்குத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். ஜூலை முடிந்ததும் திரும்ப அங்கேதான். இருந்தாலும் நீங்கள் வேண்டும் என்றால் வந்து சொல்கிறேன். அவளுக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான். ஒரு வார்த்தை எழுதுங்கள்.

டெவின்

*

ஜூன் 23

டெவினுக்கும், இந்தத் தாளை மெஷினில் வைக்கிறவருக்கும்,

மெஷினில் வைக்கிறவரே, முதலில் நீங்கள் படியுங்கள். உங்கள் கூட இருக்கிறவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். டெவின் ரட்லிஃப் எந்தக் கோர்ட்டிலும் எதுவும் சொல்லப் போவதில்லை. கெய்லி ஸ்கேக்ஸின் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லி நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவன் சொல்லி எழுதிய தாள்களை வக்கீலிடம் கேட்டு வாங்கி வந்து என் அடுப்பில் போட்டேன். இனி அவனைத் தொடுவதால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், நான் இரண்டு தரம் எழுத மாட்டேன்.

டெவின், இனிமேல் உள்ளது உனக்கு.

வக்கீல் அம்மா விடவில்லை. "ஒரு மாசம் பொறுத்துக்கங்கம்மா. அவன வேற ஜெயிலுக்கு மாத்தச் சொல்லிக் கேப்போம்."

"கேட்டா மாத்துவாங்களா?"

"உறுதியாச் சொல்ல முடியாது."

"அப்ப வேணாம்."

மற்ற பத்துக் குடும்பங்களும் வழக்கை நடத்தும். அந்த அரசாங்கம் பதில் சொல்லுமோ தப்பித்துக்கொள்ளுமோ, என் மகளுக்கு அதில் இடம் இல்லை. வீட்டுக்கு வந்து அவள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். இன்னும் நிமிர்த்தவில்லை.

தெரியாமல்தானே எழுதினீர்கள் என்று எழுதியிருந்தாய். தெரிந்துகொண்டு இருந்திருக்க வேண்டும், டெவின். நகல் எடுப்பது யார் என்று நீ மார்ச்சிலேயே எழுதினாய். சாப்பாட்டு வரிசையில் ஒருவன் கேட்டதையும் எழுதினாய். சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு தேசத்துக்குச் சொன்ன வரி எனக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா?

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. சில நாள் காலையில் எழுந்திருக்கும்போது உன் பெயர்தான் முதலில் வாயில் கசக்கிறது. ஆனால் உன் அம்மா தூரத்தில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஆள் இல்லை. பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர். இனி எதையும் எழுத மாட்டேன், நேரில்தான்.

படத்தை உள்ளே கொண்டுவர விடமாட்டார்களாம். நீ கேட்டிருந்தாய், அப்போது பதில் எழுத மறந்துவிட்டேன். அந்த உடை மஞ்சள்தான்.

வெர்னாம்மா