கேத்தரின் மடியில் இருந்த குதிரை

13 ஜனவரி 1997, திங்கள்

நான் செஸ் பலகையைக் கவிழ்க்கவில்லை. நேற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அப்படிப் பேசிக்கொண்டார்களாம். சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றேன். எழுந்து நின்று, எதிரே ஆடிய கோவிந்தராஜனுக்குக் கை கொடுத்தேன். கான்வென்டில் அப்படித்தான் பழக்கினார்கள். தரையில் விழுந்தது ஒரே ஒரு காய், ஒரு கறுப்புக் குதிரை. அது விழுந்தது என் கையிலிருந்து அல்ல. என் ஜோடி கேத்தரின் எழுந்தபோது அவள் மடியிலிருந்து.

14 ஜனவரி, செவ்வாய்

மாடி வீட்டு ஜெயலக்ஷ்மி பொங்கல் கொண்டுவந்தாள். "ஒரு குதிரைக்காகவா ஆன்ட்டி மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? செஸ்னா ரெண்டு பேர் ஆடறதுதானே?"

ஜோடி செஸ் வேறு என்றேன். இரண்டு பலகை, நாலு பேர். ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். கேத்தரினுக்கு வெள்ளை என்றால் எனக்குக் கறுப்பு. அவள் வெட்டிய கறுப்புக் காயை என்னிடம் தருவாள். என் முறை வரும்போது, காய் நகர்த்துவதற்குப் பதிலாக அதை என் பலகையில் காலிக் கட்டத்தில் வைக்கலாம். ஒரு பலகையில் ராஜா மாட்டினால் ஜோடி இருவருக்கும் தோல்வி.

அன்று ஒரு குதிரை கிடைத்திருந்தால் கோவிந்தராஜனின் ராஜா அதே இடத்தில் முடிந்திருப்பான். "குதிரை இருக்கா?" என்று கேட்டேன். "இல்லை ஸ்டெல்லா" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் சொல்லை எப்போது சரிபார்த்திருக்கிறேன்?

16 ஜனவரி

கேத்தரினிடமிருந்து போன் இல்லை. ஆளும் வரவில்லை.

18 ஜனவரி, சனி

ஆட்டம் நடக்கும் ஹாலுக்குப் போகவில்லை. ஆட்டத்தை நடத்தும் தியோடர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். மறதியாக மடியில் வைத்திருப்பாள் என்று அவன் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன்.

"அவங்களுக்கு ஜோடி மாறணும் ஆன்ட்டி. உங்ககிட்ட நேரா சொல்ல பயம்."

"பயமா? என்னிடமா?"

"வீட்டுக்குப் போற வழி பூரா ஒவ்வொரு மூவையும் கேள்வி கேப்பீங்களாம். ஜெயிச்ச அன்னிக்கும்."

தப்பைத் தப்பு என்று சொன்னால் குற்றமா?

"தோத்த ஜோடிதான் பிரியணும், ஜெயிச்ச ஜோடி பிரியக் கூடாதுன்னு விதி இருக்கே" என்றான். பிறகு தரையைப் பார்த்தான். அந்த விதியைக் கேட்டு வாங்கியவள் நான். எங்களை யாரும் பிரித்துவிடக் கூடாது என்றுதான் கேட்டேன். நாங்களோ தோற்பதே இல்லை.

ஆக, என்னிடமிருந்து விடுபட அவளுக்கு இருந்த வழி ஒன்றுதான்.

19 ஜனவரி, ஞாயிறு

பூசையில் தூண் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்னடி கேத்தரின் — நேரா வந்து, உன்கூட ஆட முடியலடின்னு சொல்லியிருந்தா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்? ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன். அவ்வளவுதானே.

எதிரே உட்காருகிறவர் என்னைத் தோற்கடிக்கத்தான் வந்திருக்கிறார், அவர்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. இவள் என் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

25 ஜனவரி, சனி

தியோடர் மறுபடி வந்தான். நாளைப் பூசை முடிந்து கேத்தரின் இங்கே வர அனுமதி கேட்கிறாளாம். புது ஜோடி அமைந்துவிட்டது; ஆனால் தூக்கம் வரவில்லையாம். அவனை உட்காரவைத்து இதை எழுதிக் கொடுத்தனுப்பினேன். எனக்கு ஞாபகம் இருக்க இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"கேத்தரின், நாளை வர வேண்டாம். வந்தால் நீ அழுவாய், நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன், கேட்க வேண்டியதைக் கேட்கவே மாட்டேன். ஜோடி மாறியதைப் பற்றிக் கேட்கவில்லை. அது உன் இஷ்டம். நான் கேட்பது இது: அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் 'இல்லை ஸ்டெல்லா' என்று நீ சொன்னபோதெல்லாம் உன்னிடம் காய் உண்மையிலேயே இல்லையா? பதிலை எழுதி, தியோடரிடம் கொடுத்தனுப்பு."